டிராயரில் இருக்கும் ரிப்போர்ட்

கேள்வி: வயது 34. கல்யாணமாகி 5 வருடம், குழந்தை இல்லை. விந்தில் உயிரணுவே இல்லை என்றார்கள். ரத்தத்தில் குரோமோசோம் பார்த்து 'கிளைன்ஃபெல்டர்' என்கிறார்கள். ரிப்போர்ட் 8 மாதமாக ஆபீஸ் டிராயரில் இருக்கிறது. மனைவி சஷ்டி விரதம் இருக்கிறாள். சின்ன வயதுப் பழக்கத்தால் வந்ததா? நண்பன் சொல்லும் ஹார்மோன் ஊசி போட்டால் சரியாகுமா?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: ஊசி அப்புறம், தம்பி. முதலில் அந்த டிராயர்.

8 மாதம் என்றால் 16 சஷ்டி. அத்தனை நாளும் அவள் பட்டினி கிடக்க, நீங்கள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறீர்கள். 'விசேஷம் உண்டா?' என்று ஊர் உங்களையா கேட்கிறது? வளைகாப்பு வீட்டில் யாரைத் தள்ளி உட்காரவைக்கிறார்கள்? அந்தப் பேச்சை நிறுத்தக்கூடிய ஒரே காகிதத்தைப் பூட்டி வைத்துவிட்டு, அவள் விரதத்தை எனக்கு ஒரு வரியில் எழுதுகிறீர்கள். தாலி கட்டியவன் தன் பழியைத் தானே சுமக்க வேண்டும் என்று நினைக்கிறவள் நான். பழைய பஞ்சாங்கம் என்றாலும் பரவாயில்லை.

உண்மையில் பழி என்றே ஒன்றும் இல்லை. ஆணுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்று, ஒய் ஒன்று. உங்களுக்குக் கருவிலேயே ஓர் எக்ஸ் கூடுதல். அதனால் விரை சிறுத்துப் போய், உயிரணு உண்டாவது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. சுமார் 600 ஆண்களில் ஒருவருக்கு இப்படி. கிளைன்ஃபெல்டர் என்ற டாக்டர் 1942-ல் எழுதியது. காரணம் புரிந்தது 1959-ல். சின்ன வயதுப் பழக்கம் என்பதெல்லாம் லாட்ஜில் ரூம் போட்டு லேகியம் விற்கிறவர்கள் கிளப்பிவிட்டது.

ஊசி வேண்டாம், இப்போதைக்கு. எலும்புக்கும் தெம்புக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் பிற்பாடு தேவைப்படலாம். ஆனால் எங்கோ மிச்சமிருக்கும் உயிரணு உற்பத்தியையும் அது அமுக்கிவிடும். மைக்ரோஸ்கோப் வைத்து விரைக்குள்ளேயே உயிரணுவைத் தேடும் 'மைக்ரோ-டீஸ்' ஆபரேஷன் உண்டு. உங்களைப் போன்றவர்களில் பத்துக்கு நான்கைந்து பேருக்குக் கிடைக்கிறது. கிடைத்தால் 'இக்ஸி' முறையில் அவள் கருமுட்டைக்குள் செலுத்துவார்கள். கிடைக்காவிட்டால் தானமாகப் பெறலாம், தத்தெடுக்கலாம்.

இந்தச் சிகிச்சைக்கு 2021-ம் ஆண்டுச் சட்டப்படி அவளும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவள் கருமுட்டைக்கும் வயது ஏறுகிறது. 8 மாதத்தை நீங்கள் தின்றுவிட்டீர்கள்.

இன்று வீட்டுக்குப் போகும்போது ரிப்போர்ட்டை எடுத்துப் போங்கள். அவளிடம் சொன்ன பிறகு உங்கள் அம்மாவிடமும் நீங்களே சொல்லுங்கள், அவளை அனுப்பாதீர்கள். அடுத்த சஷ்டிக்கு முன்னால்.