பார்க்கும்போது புரிகிறது, ஒரு வாரத்தில் ஏன் போய்விடுகிறது?

கேள்வி: கல்லூரி முடித்துப் பத்து வருடம் ஆகிறது. வேலை முடிந்ததும் தினமும் இரவு ஒரு மணி நேரம் இலவசப் பாட வீடியோக்கள் பார்க்கிறேன். கணிதம், பொருளியல், வரலாறு, கொஞ்சம் புரோகிராமிங் என்று பிளேலிஸ்ட்டில் இருநூறுக்கு மேல் சேர்ந்துவிட்டது. பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. ஒரு வாரம் கழித்து யாராவது கேட்டால் ஒன்றும் சொல்ல வருவதில்லை. நான் எடுக்கும் வீடியோ சரியில்லையா, பார்க்கிற விதம் சரியில்லையா?

பதில்: பெரும்பாலும் பார்க்கிற விதம்தான். அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எந்த வீடியோவை எடுப்பது என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2018-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூன்வாக் நடன அசைவைக் காட்டும் சின்ன வீடியோவைச் சிலருக்கு ஒரு முறையும் சிலருக்கு 20 முறையும் போட்டுக் காட்டினார்கள். 20 முறை பார்த்தவர்களுக்குத் தங்களால் நன்றாக ஆட முடியும் என்ற நம்பிக்கை கூடியிருந்தது. ஆடச் சொன்னபோது, ஒரு முறை பார்த்தவர்களைவிட ஒரு துளியும் நன்றாக ஆடவில்லை. பலகையில் சின்ன அம்பு எறியும் டார்ட்ஸ் விளையாட்டிலும் இதே கதைதான். தெளிவான ஆசிரியர் ஒருவர் போர்டில் கணக்கைப் போட்டு முடிக்கும்போது நமக்கு வருகிற ‘புரிந்துவிட்டது’ என்ற நிறைவும் இந்த வகைதான். அது பொய் இல்லை. அவர் செய்ததைப் பின்தொடர முடிந்தது என்பதுதான் அதன் பொருள். நாமே செய்வது வேறு வேலை, அதற்கு வேறு பயிற்சி வேண்டும்.

உங்கள் பட்டியலில் கணிதம் இருப்பதால் ஓர் உதாரணம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து 2023-ல் ஓய்வுபெற்ற கில்பர்ட் ஸ்ட்ராங்கின் நேரியல் இயற்கணித (லீனியர் அல்ஜீப்ரா) வகுப்புகள் இணையத்தில் மிகவும் பிரபலம். முதல் வகுப்பு சுமார் 40 நிமிடம். அதில் ஒரு சின்னப் புதிரோடு தொடங்குகிறார். இரண்டு எண்கள். முதல் எண்ணின் இரு மடங்கிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 0. இரண்டாவதின் இரு மடங்கிலிருந்து முதல் எண்ணைக் கழித்தால் 3. பள்ளிக் கணக்குதான், விடை 1, 2. இரண்டு நேர்கோடுகள் ஒரு புள்ளியில் வெட்டுவதாக இதை வரைந்து காட்டுகிறார். இதுவரை யாருக்கும் சிரமம் இல்லை.

அடுத்து அதே கணக்கின் இரண்டு வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி நெடுக்காகப் பார்க்கச் சொல்கிறார். முதல் எண்ணைப் பெருக்கும் கெழுக்கள் 2, −1. இரண்டாவது எண்ணைப் பெருக்குபவை −1, 2. ஒவ்வொரு ஜோடியும் வரைபடத்தில் (0, 0)-லிருந்து அந்தப் புள்ளிக்குப் போகும் ஓர் அம்புக்குறி. முதல் அம்பில் எத்தனை, இரண்டாவதில் எத்தனை சேர்த்தால் (0, 3) என்ற இடத்தில் போய் நிற்போம்? முதலாவதில் 1, இரண்டாவதில் 2. அந்தப் பாடம் முழுவதும் இந்த ஒரு பார்வையின் மேல்தான் நிற்கிறது. போர்டில் சில நிமிடங்களில் போய்விடுவதால், பார்ப்பவர் ‘சரி, சரி’ என்று தலையாட்டிவிட்டுக் கடந்துவிடுவார். என்னிடம் படித்த பலர் மூன்றாவது நான்காவது வகுப்பில் திணறிய காரணத்தைத் தேடிப் போனால், அது இந்த இடத்தில்தான் கிடக்கும்.

இங்கே வீடியோவை நிறுத்துங்கள். திரையை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் இரண்டு அம்புகளையும் நீங்களே வரைந்து (0, 3)-க்குப் போய்ச் சேருங்கள். பிறகு (0, 3)-க்குப் பதிலாக (1, 1) என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள். இரண்டு எண்களும் 1 என்று வந்தால் சரி. இதற்குப் பத்து நிமிடம் ஆகலாம். அந்தப் பத்து நிமிடம்தான் படிப்பு. 40 நிமிட வகுப்பை இப்படிப் பார்த்தால் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும், இரண்டு இரவுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

எப்போது நிறுத்துவது என்று கேட்டால், ஆசிரியர் “இப்போது என்ன நடக்கும்?” என்று கேட்கும் ஒவ்வொரு இடத்திலும். அவர் கேட்காவிட்டால் ஆறேழு நிமிடத்துக்கு ஒரு முறை. எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் மக்கள் வீடியோ பார்த்த 69 லட்சம் தடவைகளை அலசி 2014-ல் வந்த ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பாதிப் பேருக்கு மேல் ஆறு நிமிடத்தைத் தாண்டுவதில்லை என்று தெரிந்தது. கவனம் தளர்வது உங்கள் குறை இல்லை, எல்லோருக்கும் அப்படித்தான்.

ஒரு வாரத்தில் மறந்துபோவதற்கும் தெரிந்த மருந்து உண்டு. ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006-ல் செய்த சோதனை இது. ஒரு பத்தியை நான்கு முறை படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 40 சதவீதம் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு முறை படித்துவிட்டு, அடுத்த மூன்று முறையும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியவர்கள் 61 சதவீதம் வைத்திருந்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மட்டும் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முந்தியிருந்தார்கள். வீடியோ முடிந்த கையோடு எல்லாம் தெரிந்த மாதிரி இருப்பதும் இதனால்தான். ஆகவே அடுத்த நாள் புது வீடியோவைத் தொடுமுன், நேற்றைய பாடத்தைக் குறிப்பைப் பார்க்காமல் அரைப் பக்கம் எழுதுங்கள். எங்கே பேனா நிற்கிறதோ அந்த இடத்தை மட்டும் திரும்பப் பாருங்கள். முழு வீடியோவையும் மறுபடி ஓட்ட வேண்டாம்.

இனி, எதை எடுப்பது. ஒரு பாடத்தைக் கற்க வேண்டுமென்றால் பயிற்சிக் கணக்கும் விடையும் சேர்ந்து வரும் தொடரைத்தான் எடுங்கள். ஆசிரியர் எவ்வளவு பிரபலம், எத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. எம்ஐடி 2001-ல் அறிவித்த ஓப்பன்கோர்ஸ்வேர் என்ற இலவசப் பாடத் தளத்தை நான் இன்றும் முதலில் சொல்வது இதற்காகத்தான். பல பாடங்களுக்கு வீட்டுக்கணக்கு, பழைய தேர்வுத்தாள், விடை எல்லாம் அங்கேயே கிடைக்கும். பதிவு செய்யவே வேண்டாம். தரவிறக்கி வைத்துக்கொள்ளவும், வணிக நோக்கம் இல்லாமல் பிறருக்குக் கொடுக்கவும் உரிமம் உண்டு. அடிப்படையே ஆட்டம் கண்டிருந்தால் கான் அகாடமிக்குப் போய்ப் பள்ளி அளவிலிருந்து தொடங்குங்கள். அங்கே வீடியோவைவிட அதன் கீழே வரும் பயிற்சிகள்தான் பெரிய சொத்து. பொறியியல் பாடங்களுக்கு ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் பாடத் தளம் இருக்கிறது.

கோட்டோவியமும் அசைவுமாகப் பதினைந்து இருபது நிமிடத்தில் ஒரு கருத்தை விளக்கும் அழகான வீடியோக்கள் உண்டு. 3புளூ1பிரவுன் சேனல் அதற்குச் சிறந்த உதாரணம், எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு கருத்து எப்படி இருக்கும் என்று மனக்கண்ணில் பார்க்க இவை உதவும். வகுப்புக்கு முன்போ பின்போ பாருங்கள், வகுப்புக்குப் பதிலாக வேண்டாம்.

வரலாற்றையும் பொருளியலையும் இவ்வளவு இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை. யேல் பல்கலைக்கழகத்தின் திறந்த வகுப்புகள் 2007 முதல் இணையத்தில் உள்ளன. பொருளியல் நோபல் பெற்ற ராபர்ட் ஷில்லரின் நிதிச் சந்தை வகுப்பும் அதில் இருக்கிறது. முழு வகுப்பும் எழுத்து வடிவிலும் கிடைப்பதுதான் அங்கே பெரிய வசதி. நடந்துகொண்டே கேளுங்கள், திரும்பி வந்ததும் ஆசிரியர் என்ன வாதம் வைத்தார், அதற்கு எதை ஆதாரமாகக் காட்டினார் என்று இரண்டு மூன்று வரி எழுதுங்கள். அது போதும்.

புரோகிராமிங்குக்கு மட்டும் வீடியோ எந்த வருடம் பதிவானது என்று முதலில் பாருங்கள். ஸ்ட்ராங்கின் வகுப்பு 1999-ல் பதிவானது, அதில் ஒரு வரிகூடக் காலாவதியாகவில்லை. நான்கைந்து வருடம் பழைய கோடிங் பாடத்தில் பாதிக் கட்டளைகள் இன்று வேலை செய்யாமல் போகலாம். அதோடு, திரையில் வரும் கோடை நகலெடுத்து ஒட்டாமல் ஒவ்வொரு வரியையும் கையால் தட்டச்சு செய்யுங்கள். உங்களுக்கு வரும் பிழைச்செய்திதான் உங்கள் ஆசிரியர்.

ஆங்கில உச்சரிப்பு பிடிபடாவிட்டால் தானாக உருவாகும் சப்டைட்டிலை மட்டும் நம்பாதீர்கள். கலைச்சொற்களை அது அடிக்கடித் தவறாகக் கேட்கும். பல்கலைக்கழகம் தரும் எழுத்து வடிவத்தை முதலில் ஒரு முறை படித்துவிட்டு வீடியோவுக்குப் போங்கள். வேகத்தை ஒன்றரை மடங்கு வைப்பதில் தவறில்லை, பழகிய பகுதிகளில் மட்டும். புதுக் கருத்து வந்தால் சாதாரண வேகத்துக்கு வந்துவிடுங்கள்.

கடைசியாக அந்த இருநூறு வீடியோ. ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை 2011-ல் இணையத்தில் இலவசமாக நடத்தியபோது 1,60,000 பேர் சேர்ந்தார்கள். முடித்தவர்கள் இருபதாயிரத்துச் சொச்சம்தான். வாராவாரம் வீட்டுக்கணக்கும் கெடுத் தேதியும் இருந்த வகுப்பிலேயே அப்படி என்றால், இரண்டும் இல்லாத பிளேலிஸ்ட் எப்படி முடியும்? நான்கு பாடங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மூன்றின் பெயரை ஒரு தாளில் எழுதிவிட்டு பிளேலிஸ்ட்டை அழித்துவிடுங்கள். வீடியோக்கள் எங்கும் போய்விடாது. கணிதம் என்று முடிவெடுத்தால் வாரம் ஒரு வகுப்பு, அதற்குரிய வீட்டுக்கணக்கு ஞாயிறு இரவுக்குள். மூன்றாவது வாரக் கணக்கைப் போட்டு முடித்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். எந்தக் கணக்கில் மாட்டினீர்கள் என்று உங்கள் தாளையும் படமெடுத்து அனுப்புங்கள், அங்கிருந்து பேசுவோம்.