லிட்டர் கணக்கு சொன்னது யார்?

கேள்வி: எங்கள் மகனுக்கு 14 மாதம். மூன்று மாதத்தில் இரண்டு தடவை பேதி. என் மனைவி எதற்கெடுத்தாலும் போனில் பார்த்ததைச் சொல்லி என் அம்மாவோடு மல்லுக்கு நிற்கிறாள். முதல் தடவை அம்மா ஒரு டம்ளரில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கலக்கியபோதும் ஏதோ லிட்டர் கணக்கு சொல்லிச் சண்டை. பையனும் குடிக்காமல் துப்பிவிட்டான். ஜிங்க் மாத்திரை மூன்று நாள் கொடுத்தோம், பேதி நின்றதும் நிறுத்திவிட்டோம். இப்போது போனை வாங்கி வைத்துவிட்டேன். அவள் என்னோடு பேசுவதில்லை. எப்படிப் புரியவைப்பது?

பதில்: ‘ஏதோ லிட்டர் கணக்கு’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தீர்களா? மருந்துக் கடையில் வழக்கமாகத் தருகிற பெரிய பாக்கெட், சுமார் 21 கிராம், ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. உங்கள் வீட்டு டம்ளர் 200 மில்லி பிடிக்குமா? அப்படியானால் ஐந்து மடங்கு உப்பு. பையன் அடம் பிடித்துத் துப்பவில்லை தம்பி, வாயில் வைக்க முடியாமல் கரித்திருக்கிறது. அது வயிற்றுக்குள் போயிருந்தால் உடம்பில் இருக்கிற தண்ணீரையும் குடல் இழுத்திருக்கும். பேதி கூடும், ரத்தத்தில் உப்பு ஏறும், வலிப்பு வரைக்கும் போகலாம். அன்றைக்கு உங்கள் வீட்டில் சரியாகப் பேசிய ஒரே ஆள் உங்கள் மனைவி. அவர் கையில் இருந்த போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, அவருக்கு எப்படிப் புரியவைப்பது என்று என்னைக் கேட்கிறீர்கள்.

இந்தக் கலக்கும் தவறு உலகம் முழுக்க நடந்ததுதான். எகிப்தில் 1980களில் தொலைக்காட்சி விளம்பரம் வழியாகத் தாய்மார்களுக்குச் சரியாகக் கலக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள். அளவு தப்பக் கூடாது என்று 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டையே கொண்டுவந்தார்கள். நம் ஊரிலும் சின்னப் பாக்கெட் உண்டு. அதனால்தான் ஒவ்வொரு முறையும் பாக்கெட்டின் பின்பக்கம் படிக்க வேண்டும். இனி அந்தப் போன் விஷயம். தேசியக் குடும்ப நல ஆய்வில் பெண்களிடம், ‘நீங்களே பயன்படுத்தும் கைபேசி உண்டா’ என்று தனியாகக் கேட்கிறார்கள். 2019-21இல் நாடு முழுவதும் உண்டு என்றவர்கள் 54 விழுக்காடு. அந்த 54இல் இருந்த ஒருவரை நீங்கள் வெளியே தள்ளியிருக்கிறீர்கள்.

போனில் வருவதெல்லாம் வேதம் என்று நான் சொல்லமாட்டேன். பேதியை நிறுத்தப் பெரியவர்கள் போடும் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் பிள்ளைக்குக் கொடு என்பவர்கள் அதில் உண்டு, அது ஆபத்து. பாலை நிறுத்து என்பவர்களும் உண்டு. தாய்ப்பாலை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது, சோறும் கொடுக்க வேண்டும். சந்தேகம் வந்தால் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள், அல்லது 104க்குப் பேசுங்கள். இருவரும் சேர்ந்து கேளுங்கள்.

அடுத்த தடவைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கழுவித் தனியாக வையுங்கள். கொதித்து ஆறிய தண்ணீரை நிரப்பி, முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கொட்டிக் கலக்குங்கள். சர்க்கரையோ பழச்சாறோ சேர்க்க வேண்டாம். 24 மணி நேரத்துக்குமேல் மிஞ்சியதைக் கீழே ஊற்றிவிடுங்கள். ஒவ்வொரு முறை போனபிறகும் 50 முதல் 100 மில்லி, ஒரு நிமிடத்துக்கு ஒரு கரண்டி வீதம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாக. கண் குழிவிழுந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, குடிக்கக்கூட முடியாமல் துவண்டாலோ வீட்டில் வைத்திருக்காதீர்கள், அந்த நிமிடமே ஆஸ்பத்திரி.

ஜிங்க்கை மூன்றாம் நாளில் நிறுத்தியது இன்னொரு தவறு. இந்த வயதுக்கு 20 மில்லிகிராம், தினம் ஒன்று, ஒரு கரண்டி தாய்ப்பாலிலோ ஆறிய தண்ணீரிலோ கரைத்து, முழுதாக 14 நாள். அடுத்த இரண்டு மூன்று மாதத்துக்குப் பேதி திரும்ப வருவதைக் குறைக்கத்தான் அத்தனை நாள் கொடுக்கச் சொல்கிறார்கள். மூன்று மாதத்தில் இரண்டு தடவை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அம்மாவிடம் பேச வேண்டியது நீங்கள். மருமகள் திருத்தினால் எந்த மாமியாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். பெற்ற மகன் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ‘அம்மா, இதுல ஒரு லிட்டர்னு போட்டிருக்கு’ என்று படித்துக் காட்டினால் முடிந்தது. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லச் சோம்பல்பட்டுத்தான் இரண்டு பெண்களையும் மோதவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறீர்கள்.

போனை இன்றைக்கே கொடுங்கள். ரீசார்ஜ் முடிந்திருக்கும், அதையும் போட்டுவிட்டுக் கொடுங்கள்.