மருமகளின் இருமல்

கேள்வி: என் கணவருக்குக் காசநோய் என்று போன மாதம் தெரிந்தது. அரசு மாத்திரை சாப்பிடுகிறார். வைகாசியில் மகளுக்குத் திருமணம். சுகாதாரப் பணியாளர் அடிக்கடி வருவதால் சம்பந்தி வீட்டுக்கு விஷயம் எட்டிவிடுமோ என்று பயம். சேலத்தில் தனியார் மருத்துவரிடம் மாற்றிக்கொள்ளலாமா? வீட்டில் எல்லோரையும் பரிசோதிக்க வந்தபோதுகூட மருமகளையும் மூன்று வயதுப் பேரனையும் கொல்லைப்பக்கம் அனுப்பிவிட்டு, தாய்வீடு போயிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு ஒரு மாதமாக இருமல். புளித் தூசிதான் காரணம்.
— ஒரு வாசகி, பென்னாகரம் வட்டம்

பதில்: அம்மா, சம்பந்தி வீடு இருக்கட்டும். கொல்லையில் நின்றவளைப் பற்றி முதலில் பேசுவோம்.

மாசி, பங்குனியில் புளி தட்டிக் கொட்டை எடுக்கும் வீடுகளில் தும்மலும் கமறலும் இருக்கும்தான். ஆனால் தூசி என்று நீங்கள் உண்மையாகவே நம்பியிருந்தால் அவளை ஏன் ஒளித்தீர்கள்? முன்னால் நிறுத்தியிருப்பீர்களே! இருமலின் சத்தம் உங்கள் காதிலும் விழுந்திருக்கிறது. சந்தேகமும் வந்திருக்கிறது. தெரிந்தே மறைத்திருக்கிறீர்கள். இதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

மாமனாருக்குக் கஞ்சி வைத்து, மாத்திரை எடுத்துக் கொடுத்தவள் அவள். இரண்டு வாரம் தாண்டிய இருமல் யாருக்கு இருந்தாலும் சளியைப் பரிசோதிக்க வேண்டும். வீட்டிலேயே நோயாளி இருக்கும்போது ஒரு மாதம் எப்படிப் பொறுத்தீர்கள்? உங்கள் மகளும் வைகாசியில் ஒரு வீட்டுக்கு மருமகளாகப் போகிறாள். அங்கே அவள் இருமி, மாமியார் அவளைக் கொல்லைக்கு அனுப்பினால் உங்கள் வயிறு எரியாதா?

கணவரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் ஒன்றுபோல் குணமாவதையும், கூட இருப்பவர்களுக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்பதையும் 1959-இல் வெளியான சென்னை ஆய்வே காட்டிவிட்டது. நோய் இருந்தும் மருந்தில்லாமல் இருமுகிறவரிடமிருந்துதான் அது காற்றில் பரவுகிறது. பக்கத்தில் படுப்பது பேரன். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நோய் இல்லை என்று உறுதியானாலும் தடுப்பு மாத்திரை உண்டு. அதையும் சேர்த்துத்தான் வாசலிலிருந்து திருப்பி அனுப்பினீர்கள்.

சேலம் வேண்டாம். 2012 முதல் தனியார் மருத்துவரும் அரசுக்குத் தகவல் தர வேண்டும். அரசில் மருந்து இலவசம். சத்துணவுக்கு 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய். இதை விட்டுவிட்டு எதற்கு ஓட வேண்டும்? ஆறு மாத மருந்தை அவர் ஒரு நாளும் தவறாமல் முடிக்கட்டும்.

சம்பந்தியிடம் உங்கள் கணவரே நேரில் போய்ச் சொல்லட்டும். தகப்பன் மாத்திரை சாப்பிடுகிறார் என்பதற்காக முறிகிற சம்பந்தம் முறியட்டும். மறைத்துக் கட்டிக்கொடுத்த கல்யாணங்களின் கண்ணீர்க் கடிதங்கள் என்னிடம் கட்டுக்கட்டாக இருக்கின்றன.

நாளைக் காலை மருமகளை நீங்களே பென்னாகரம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். கல்யாணப் பெண்ணும் வரட்டும், நீங்களும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். டப்பாவில் எச்சிலைத் துப்பினால் போதாது, நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளி வேண்டும் என்று மருமகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். பஸ்ஸில் அவளை ஜன்னலோரம் உட்கார வைத்து, பேரனை நீங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். புளி ஒரு நாள் கிடக்கட்டும்.