எந்தக் கிருமி என்று தெரியாமல் எப்படிக் குணமாகும்?

கேள்வி: என் மகனுக்கு ஒரு வயது நான்கு மாதம். மூன்று நாளாகத் தண்ணீர் தண்ணீராகப் போகிறது, ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை. முதல் நாள் வாந்தியும் லேசான காய்ச்சலும் இருந்தன, இரண்டும் நின்றுவிட்டன. ரத்தம் இல்லை. மருத்துவர் ஓ.ஆர்.எஸ். கரைசலும் ஜிங்க் சிரப்பும் மட்டும் எழுதினார். மலப் பரிசோதனை வேண்டாம், ஆன்டிபயாடிக்கும் வேண்டாம் என்கிறார். எந்தக் கிருமி என்று தெரியாமல் எப்படிக் குணமாகும்?

பதில்: முதலில் வாந்தி, பிறகு நீர்ப்பேதி, ரத்தமும் சளியும் இல்லை. இந்த வரிசையில் வந்தால் இந்த வயதில் பெரும்பாலும் வைரஸ்தான். நோரோ வைரஸாக இருந்தால் ஒன்று முதல் மூன்று நாளில் அடங்கிவிடும். ரோட்டா ஒரு வாரம் வரை இழுக்கும். அடினோ வைரஸ் சில சமயம் அதையும் தாண்டும். ரோட்டா தடுப்பு மருந்து போட்ட குழந்தைக்கும் அது வரலாம், ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு முற்றுவது குறைவு. இந்த மூன்றில் எது என்று கண்டுபிடித்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை. உங்கள் மருத்துவர் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

ரோட்டா வைரஸ் சிறுகுடலின் உட்சுவரில் விரல் போல நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் நுனிச் செல்களைத் தாக்கி அழிக்கிறது. சத்தையும் நீரையும் உறிஞ்ச வேண்டிய செல்களே உதிர்ந்துபோவதால் குடித்தது அப்படியே வெளியேறுகிறது. அடியிலிருந்து புதிய செல்கள் வளர்ந்து மேலே வரச் சில நாட்கள் பிடிக்கும். எந்த ஆன்டிபயாடிக்காலும் அதை அவசரப்படுத்த முடியாது. ஆனால் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து வந்தால், மிச்சமிருக்கும் செல்கள் இரண்டையும் ஒன்றாக உள்ளே இழுக்கும்; பின்னாலேயே தண்ணீரும் போகும். ஓ.ஆர்.எஸ். வேலைசெய்வது இதனால்தான். உலகச் சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் கரைசலில் ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 75 மில்லிமோல், சோடியமும் அதே 75. எனவே பொட்டலத்தைப் பாதி பாதியாகப் பிரிக்காமல், அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுவதையும் கலக்குங்கள். பழச்சாறும் குளிர்பானமும் இதற்கு மாற்றல்ல. அவற்றில் உள்ள அதிகச் சர்க்கரை பேதியைக் கூட்டிவிடும்.

ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லி கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, மறுபடி ஸ்பூன் ஸ்பூனாக ஆரம்பிக்கலாம். தாய்ப்பாலையும் வழக்கமான சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். பேதி நின்றுவிட்டாலும் ஜிங்க் சிரப்பை மருத்துவர் சொன்ன நாள் வரை கொடுத்து முடியுங்கள். பேதியை உடனே நிறுத்தும் லோபரமைடு போன்ற மாத்திரைகள் இந்த வயதுக்குக் கூடவே கூடாது. (பல் முளைப்பதால் பேதி என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கும் வயதும் அதுதான். பல்லின் மேல் பழி போடாதீர்கள்.)

மலத்தில் ரத்தம் கண்டால் கதையே வேறு. காய்ச்சல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு முக்குதல், கொஞ்சம் கொஞ்சமாகச் சளியும் ரத்தமும் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஷிகெல்லா என்ற பாக்டீரியா. வெகு சொற்பமான கிருமிகள் உள்ளே போனாலே போதும், நோய் தொற்றிவிடும். சில குழந்தைகளுக்கு வலிப்பும் வரும். இதற்கு ஆன்டிபயாடிக் தேவை. ஆனால் ஷிகா நச்சு சுரக்கும் இ.கோலை பாக்டீரியா வகையும் ரத்தபேதியை உண்டாக்கும், பல சமயம் காய்ச்சலே இருக்காது. அதற்கு ஆன்டிபயாடிக் கொடுப்பதைத் தவிர்க்கிறோம். சிறுநீரகத்தைப் பாதிக்கும் சிக்கல் கூடக்கூடும் என்ற கவலை இருக்கிறது. ஆகவே ரத்தம் தெரிந்தால் போன தடவை மிச்சமான சிரப்பை எடுக்காமல் மருத்துவரிடம் போங்கள். மலப் பரிசோதனை உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் இது.

ரத்தம் இல்லாத பேதியில் அந்தப் பரிசோதனை பல சமயம் குழப்பத்தைத்தான் கூட்டும். மைக்ரோஸ்கோப்பில் ‘அமீபா’ என்று எழுதிவரும் அறிக்கையைப் பாருங்கள். நோய் உண்டாக்கும் அமீபாவின் கூடு (சிஸ்ட்), ஒன்றும் செய்யாத அதன் உறவுக்கார அமீபாவின் கூடு இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். சிவப்பணுக்களை விழுங்கிய அமீபா தெரிந்தால்தான் உறுதி. ஷிகெல்லா பேதியில் வரும் பெரிய வெள்ளையணுக்களையே அமீபா என்று எண்ணிவிடுவதும் உண்டு. பல கிருமிகளை ஒரே தடவையில் தேடும் பி.சி.ஆர். பரிசோதனை வேறு விதமாகக் குழப்பும்: நன்றாக ஓடியாடும் குழந்தையின் மலத்திலும் ஏதாவது ஒரு கிருமியின் தடயம் கிடைக்கும். கிடைத்ததெல்லாம் காரணம் ஆகிவிடாது.

இப்போது நீங்கள் கவனிக்க வேண்டியது சிறுநீரைத்தான். ஆறு மணி நேரத்துக்கு மேல் டயப்பர் நனையவில்லை, கண் உள்வாங்கியிருக்கிறது, அழுதால் கண்ணீர் வரவில்லை, துவண்டு கிடக்கிறான், குடிக்க மறுக்கிறான் அல்லது குடிப்பதெல்லாம் வாந்தியாகிறது என்றால் இரவானாலும் காத்திருக்காதீர்கள்.

டயப்பர் மாற்றியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நோரோ வைரஸுக்கு ஆல்கஹால் சானிடைசர் சரிவரப் பயன்படாது. பேதி நின்ற பிறகும் சில நாட்கள் மலத்தில் வைரஸ் வெளியேறும் என்பதால் இதை உடனே விட்டுவிட வேண்டாம்.

14 நாள் ஆகியும் நிற்கவில்லை என்றால் நீங்கள் கேட்ட பரிசோதனைக்கு நேரம் வந்துவிட்டது. அப்போது தேடுவது பெரும்பாலும் ஒட்டுண்ணிகளை: வயிறு உப்பி, எண்ணெய்ப் பிசுக்குடன் நாறும் மலத்தை உண்டாக்கும் ஜியார்டியா, இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களை அதிகம் வாட்டும் கிரிப்டோஸ்போரிடியம். இரண்டாவதற்குத் தனிச் சாயமோ தனிப் பரிசோதனையோ வேண்டும், வழக்கமான மலப் பரிசோதனையில் அது பிடிபடாமல் போகும். சீட்டில் அதன் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.