கண்ணாடிக்குப் பின்னால் மலை: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

சீனக் கலைஞர் சூ பிங்கின் ‘பின்னணிக் கதை’ வரிசையைக் காணொளியில் பார்த்தேன். முன்னிருந்து பார்த்தால் பழைய மை ஓவியம். பின்னால் போனால் காய்ந்த கிளை, சணல், சோளத்தோகை. தூரிகையை உயிராகக் கொண்ட ஒரு மரபில் இது வெறும் வித்தை அல்லவா?

மீனா

அன்புள்ள மீனா,

வித்தைக்காரர் சூட்சுமத்தை மறைப்பார். சூ பிங், மங்கலான கண்ணாடி முகப்புள்ள தன் ஒளிப்பெட்டியின் பின்புறத்தைத் திறந்தே வைத்து, ஒட்டுநாடாவும் கசங்கிய காகிதமும் உட்பட அனைத்தையும் நம்மைப் பார்க்கவிடுகிறார்.

2011இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அவர் அமைத்த படைப்பு, சீன ஓவியர் வாங் ஷிமின் 1654இல் வரைந்து இன்று அங்கேயே இருக்கும் ஒரு மலைக்காட்சியை ஒட்டியது. பின்னாலிருந்து விளக்கொளி பாயும்போது, மங்கலான கண்ணாடியைத் தொட்டு நிற்கும் சுள்ளியின் நிழல் கூர்மையாக விழுகிறது; அதையே இரண்டு விரற்கடை பின்னுக்குத் தள்ளினால், மையில் நீர் கூடியதுபோல் ஓரம் கரைந்து வெளிறிவிடுகிறது. ஓவியர் நீரின் அளவால் வரவழைக்கும் மூடுபனியை இவர் இடைவெளியின் அளவால் வரவழைக்கிறார்.

மரபுக்கு இது அந்நியமும் அல்ல. வாங் ஷிமினே, மலையை நேரில் பார்த்து வரைவதைவிட, 14ஆம் நூற்றாண்டின் ஹுவாங் கோங்வாங் போன்ற முன்னோடி ஓவியர்களின் படங்களைப் பார்த்து வரைவதைப் பெரிதாக நினைத்தவர். பாறைக்கும் மரத்துக்கும் இலைக்கொத்துக்கும் ஆயத்த வடிவங்களைத் தரும் ‘கடுகுவிதைத் தோட்டம்’ என்ற பயிற்சி நூலின் முதல் பகுதி 1679இல், அவர் வாழ்ந்த காலத்திலேயே வெளிவந்தது. மலைச்சரிவுக்குச் சணல் நாரைப் பிரித்துப் போட்டதுபோல் நீளக் கோடுகளை இழுப்பது ஹுவாங் வழிவந்தவர்களின் முறை. சூ பிங் அந்த இடத்தில் சணல் நாரையே வைத்துவிடுகிறார், அவ்வளவுதான்.

ஆனால் உங்கள் சங்கடத்தில் நியாயம் உண்டு. தூரிகைக் கோடு விழுந்தால் விழுந்ததுதான், மெல்லிய காகிதத்தில் அதைத் திருத்த முடியாது. சுள்ளியையோ எத்தனை முறை வேண்டுமானாலும் நகர்த்திப் பார்க்கலாம். அசல் ஓவியம் கைக்கெட்டும் இடத்தில் இருந்த லண்டனில், இது ஓரளவு திறமைக் காட்சியாகவே நின்றுவிட்டது என்பது என் எண்ணம்.

வரிசை தொடங்கிய பெர்லினில், 2004இல், அப்படியல்ல. அங்கிருந்த கிழக்காசியக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் பெரும்பகுதியை இரண்டாம் உலகப்போரின் முடிவில் சோவியத் படையினர் எடுத்துச் சென்றுவிட்டதால், சில ஓவியங்களுக்குப் புகைப்படங்களே எஞ்சின. சூ பிங் எடுத்துக்கொண்டது அவற்றை. இல்லாமல் போன படத்தை மையால் மறுபடி வரைந்தால் அது நகல் மட்டுமே. அங்கே நிழலைத் தேர்ந்ததற்குக் காரணம் இருந்தது.