தளத்தில் விழாத கோடு

அன்புள்ள ஐயா,
கோம்பாக் பக்கம் ஒரு கருங்கல் குவாரியில் பிளவுத்தளங்களை (பாறை உடைந்து நகர்ந்த பரப்புகளை) அளந்தேன். ஒன்றின் ஸ்ட்ரைக் (தளத்தின் கிடைக்கோடு போகும் திசை) 030, டிப் (தளத்தின் சாய்வு) தென்கிழக்கே 60 பாகை. அதன்மேல் உள்ள உராய்வுக்கீறலின் (பாளங்கள் உரசி நகர்ந்த கோட்டின்) திசை 065, சரிவு 34. ஸ்டீரியோநெட்டில் (தளங்களையும் கோடுகளையும் தட்டையான வட்டத்தில் வரையும் வலையில்) கீறல், தளத்தைக் காட்டும் பெருவட்டத்துக்கு வெளியே விழுகிறது. மென்பொருள் சரிசெய்து தருவதை நம்பலாமா? 2007இல் தொடங்கிய புக்கிட் திங்கி நிலஅதிர்வுகளின் விசைத்திசையை இதை வைத்துச் சொல்லலாமா?
வாசகர், கோலாலம்பூர்

வணக்கம்.

நம்ப வேண்டாம். உங்கள் கீறல் தளத்தைவிட்டு ஏறக்குறைய 8 பாகை விலகியிருக்கிறது. அந்தத் தளத்தில் 34 சரியும் கோடு 053 திசையில்தான் போக முடியும், ரேக் (கிடைக்கோட்டிலிருந்து தளத்தின்மேலேயே அளக்கும் கோணம்) 40. திசை 065தான் சரியென்றால் சரிவு 45, ரேக் 54. மென்பொருளோ மிக அருகிலுள்ள புள்ளிக்கு இழுத்து ரேக் 47 என்று தரும். இரண்டு அளவில் எது தப்பு என்று அதற்கு எப்படித் தெரியும்?

எனக்குச் சந்தேகம் திசைமேல்தான். செங்குத்தான தளங்களில் இது இன்னும் மோசம்: டிப் 80 என்றால், ரேக் 45இலிருந்து 60க்குப் போனாலும் திசை 7 பாகைதான் மாறும். ஆகவே தளத்தில் கிடைக்கோடு ஒன்று கிழித்து, பாகைமானியை அதன்மேலேயே வைத்து ரேக்கை அளந்துவிடுங்கள், எந்த முனையிலிருந்து என்பதையும் சேர்த்து. காம்பஸையும் பாருங்கள். கோலாலம்பூர் காந்த நடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கிறது. ஐரோப்பாவுக்கென எடை கட்டிய ஊசியின் தென்முனை இங்கே தாழ்ந்து கண்ணாடியில் உரசும்.

வரையும்போது டிரேசிங் தாளில் 030ஐக் குறித்து, அதை வடக்குக்குத் திருப்புங்கள். கிழக்கு விளிம்பிலிருந்து உள்நோக்கி 60 எண்ணிப் பெருவட்டம் போடுங்கள். வடமுனையிலிருந்து அந்த வட்டத்தின் வழியே 40 எண்ணினால் கீறல். புள்ளி தளத்தைவிட்டு விலகவே முடியாது.

அடுத்தது, நகர்வைக் காட்டும் அம்பு. மேல்பாளம் (தளத்துக்கு மேலே உள்ள பாறை) இறங்கியிருந்தால் மையத்திலிருந்து வெளியே, ஏறியிருந்தால் மையத்தை நோக்கி. உங்கள் புள்ளியில் முதலாவது இடப்பக்க நகர்வு கலந்தது, இரண்டாவது வலப்பக்கம். புள்ளி ஒன்றுதான், கதை நேரெதிர். எது என்று காட்டுவது தளத்தில் வளர்ந்த கனிம இழைகளின் படிக்கட்டு; அது, காணாமல்போன பாளம் நகர்ந்த பக்கத்தைப் பார்த்திருக்கும். எதிரே நிற்பது மேல்பாளமா கீழ்பாளமா என்று எழுதாவிட்டால் அந்தக் குறிப்பு வீண். நகர்வு தெரியாத தளத்துக்கு அம்பு போடாதீர்கள்.

புக்கிட் திங்கிக்கு இது உதவாது. அந்தக் கருங்கல் 20 கோடி ஆண்டுக்கும் பழையது. கீறல் எந்தக் காலத்தது என்று கீறலே சொல்லாது. ஒரே தளத்தில் இரண்டு கீறல் தொகுதிகள் இருந்தால், எது எதை வெட்டுகிறது என்று பார்த்துத் தனித்தனி நெட்டில் போடுங்கள்.