நீட் வேண்டாம், புரதம் படிக்கிறேன் என்கிறாள் மகள். என்ன செய்வது?

அன்புள்ள ஐயா,

"செல்லுக்குள் புரதங்கள் ஒன்றையொன்று எப்படிக் கட்டுப்படுத்துகின்றன என்று படிக்கப் போகிறாளாம். இதற்கெல்லாம் யார் சம்பளம் தருவார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான். முதலில் மகளைக் கவர்ந்த விஷயம் என்ன என்று பார்த்துவிடுவோம்.

பி53 என்று ஒரு புரதம். டிஎன்ஏ சேதமானால் செல் பெருகாமல் நிறுத்துவது அதன் வேலை. சேதம் இல்லாத நேரத்தில் அது அளவுக்கு மேல் சேர்ந்தால் நல்ல செல்லே செத்துவிடும். அதனால் எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து, அதன்மேல் யூபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை ஒட்டிவிடுகிறது. அப்படி ஒட்டப்பட்ட பி53-ஐ செல் சிதைத்துவிடும். இருப்பில் பாதி சுமார் 20 நிமிடத்தில் காலி. டிஎன்ஏ உடைந்தால் பி53 மேல் பாஸ்பேட் ஏறி, எம்டிஎம்2-வின் பிடி தளர்ந்து, பி53 நிலைத்து நின்று வேலையைத் தொடங்குகிறது. எம்டிஎம்2 இல்லாத எலிகள் கருவிலேயே இறந்துவிடுகின்றன. பி53-ஐயும் சேர்த்து நீக்கினால் பிழைத்துக்கொள்கின்றன. 1995-இல் இதைக் கண்டுபிடித்தார்கள். ஒரு பிடி எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள்!

சரி, சம்பளம். மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் லெனலிடோமைடு மருந்து, செல்லின் இதே சிதைக்கும் ஏற்பாட்டைத் திருப்பிவிட்டு, நோய்க்குத் துணைபோகும் இரண்டு புரதங்களை அழிக்கிறது. இந்த வழியில் புது மருந்து தேடும் வேலை இன்று உலகம் முழுக்க நடக்கிறது. பெங்களூரு, ஹைதராபாத் ஆய்வு நிறுவனங்களிலும் நடக்கிறது. ஆனால் அங்கே வெறும் டிகிரிக்குப் பெரிய இடம் கிடையாது. எம்.எஸ்சி. தேவை, ஆராய்ச்சியில் மேலே போக பிஎச்.டி. வேண்டும். பிளஸ் டூவுக்குப் பிறகு பத்து வருடம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் பிஎச்.டி. காலத்துக்கு உங்கள் கைக்காசு தேவைப்படாது. சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி, ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்வானால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, வீட்டு வாடகைப்படி தனி.

மகளிடம் ஒன்றைக் கேளுங்கள். ஒரு புரதம் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்க்க, செல்லில் புதுப் புரதம் உண்டாவதை மருந்து போட்டு நிறுத்திவிட்டு, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாதிரி எடுப்பார்கள். ஜெல்லில் ஓட்டி, ஆன்டிபாடி ஊற்றி, மறுநாள் அந்தப் புரதத்தைக் காட்டும் கறுப்புக் கோடு படிப்படியாக மெலிகிறதா என்று பார்ப்பார்கள். பல தடவை கோடே வராது, மறுபடி முதலிலிருந்து. இந்தப் பொறுமை இருக்கிறதா? இருந்தால் தயங்காமல் அனுப்புங்கள். மருத்துவ சீட் கிடைக்காததால் மட்டும் இதற்கு வருகிறார் என்றால், வேறு துறை பார்ப்பதே நல்லது.

எந்தக் கல்லூரி? கடன் வாங்கி, ஆய்வுக்கூடம் சரியில்லாத தனியார் கல்லூரியில் பி.டெக். பயோடெக் சேர்ப்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஐசர் (IISER) என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்களின் ஐந்தாண்டுப் படிப்புதான் என் முதல் தேர்வு; திருப்பதியும் திருவனந்தபுரமும் நமக்குப் பக்கம். நுழைவுத் தேர்வில் இயற்பியல், வேதியியல், உயிரியலோடு கணிதத்திலும் 15 கேள்வி உண்டு. மகள் கணிதம் இல்லாத பியூர் சயின்ஸ் குரூப் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் கணிதத்தை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். அது கிடைக்காவிட்டால் நல்ல அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் அல்லது உயிர்வேதியியல் சேர்ந்து, அப்புறம் எம்.எஸ்சி. சேர ஐஐடி நடத்தும் ஜாம் தேர்வு எழுதலாம். இந்தத் துறையில் வேதியியலில் கெட்டியாக இருப்பவர்தான் நிற்பார். பைத்தான் என்ற கணினி மொழி கொஞ்சம் தெரிந்திருப்பதும் உதவும்.

இந்த வாரமே மகளைப் புரத வடிவங்களின் இலவசத் தரவுத்தளமான பிடிபி-யில் (PDB) 1ஒய்சிஆர் (1YCR) என்ற பதிவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எம்டிஎம்2-வின் பள்ளத்துக்குள் பி53-இன் மூன்று அமினோ அமிலங்கள் அழுந்தி உட்கார்ந்திருப்பது தெரியும். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து, அது என்ன என்று அவரையே விளக்கச் சொல்லிக் கேளுங்கள்.